நடுத்தட்டில் இருந்த ரத்தம்

அக்டோபர் 7, செவ்வாய்

பகல் 11.42. டாக்டரம்மா போன். நான் மொட்டை மாடியில். ஃப்ரீசர் அறை ஏசியின் கண்டன்ஸர் முழுக்கக் கரிசல் தூசி, தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். வெயில். புரட்டாசி முடியப் போகிறது, ஒரு தூறல் இல்லை. காடெல்லாம் உழுது போட்டபடி கிடக்கிறது.

பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவர் பழக்கம் தெரியும். நல்லதென்றால் மெசேஜ். கெட்டதென்றால் குரல். கனியின் வைத்தியக் காலத்தில், அவள் புருஷனாக நான் படித்துக்கொண்டது.

ஆனால் கனி போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இனிமேல் எனக்கு என்ன கெட்ட செய்தி மிச்சம்? எடுத்தேன்.

விஷயம் இது. டாக்டரம்மா நடத்தும் எங்கள் ஆய்வுக்கு ஊர் ஊராகக் கேம்ப் போட்டுப் பெண்களிடம் எடுத்த ரத்தம் என் ஃப்ரீசரில் இருக்கிறது. ஆய்வில் இருக்கும் பெண்களில் பின்னால் புற்றுநோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தில் கொஞ்சம் வெளியே அனுப்பியிருந்தார்கள். ஹார்மோன் பார்க்க, கூடவே மரபணு பார்க்க. கனியின் நம்பருக்கு ரிசல்ட் வந்துவிட்டது. மரபணுவில் ஒரு பழுது. பரம்பரையாக வருவது. மார்பிலும் சினைப்பையிலும் போய் வேலையைக் காட்டுவது.

"தம்பி, இதுல யார் தப்பும் இல்ல. பிறக்கும்போதே கூட வந்தது."

"சரிங்கம்மா."

"அவங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. மாரி."

"அவங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. கூட்டிட்டு வாங்க, பார்த்துடுவோம். தள்ளிப் போடாதீங்க."

"சரிங்கம்மா."

வைத்துவிட்டு மிச்சக் கண்டன்ஸரையும் கழுவினேன். பிறகு கீழே இறங்கி ஃப்ரீசர் அறை. மைனஸ் 79. சரி. கதவு ரப்பர் சரி. ஜெனரேட்டர் டீசல் வாங்கணும்.

நடுத்தட்டு இருக்கும் உயரத்தில் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இது தினமும் செய்வது. யாருக்கும் தெரியாது. கனியின் ரத்தம் அந்தத் தட்டில். வெளியே அனுப்பியது போக மிச்ச டியூப்கள். முதலில் மேல்தட்டில் இருந்தது. கதவைத் திறந்தால் முதலில் சூடேறுவது மேல்தட்டுதான். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று நடுத்தட்டுக்கு மாற்றினேன். குளிர் அசையாத இடம் அதுதான்.

அவளில் மிச்சம் இருப்பது அது மட்டும். மற்றதை எல்லாம் எரித்தாயிற்று.


அக்டோபர் 8, புதன்

தோசை வாங்கினேன். பாதி சாப்பிட்டேன். கரண்ட் மதியம் போனது, ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொண்டது, என் போனுக்கு அலாரம் வந்தது, நின்றது. எல்லாம் சரியாக வேலை செய்கிறது. என்னைத் தவிர என்று எழுத வேண்டும். நானும் செய்கிறேன்தான்.

நாலு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த காரணங்கள்:

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது.

ஊர்த் தண்ணீர்.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட முழுங்கிய மாத்திரைகள். (இங்கே எல்லாரும் முழுங்குவதுதான். ஆய்வில் "மாத்திரை ஏதாவது சாப்பிட்டதுண்டா" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். அது மாத்திரையில் சேர்த்தி இல்லையாம், சாமி காரியமாம்.)

பிள்ளை இல்லாதது.

ராத்திரி என் போன் அலாரத்துக்கு அவளும் சேர்ந்து முழித்தது.

என்னைக் கட்டியது.

ஒரே போனில் எல்லாம் ரத்து. நிம்மதி வரணும். வரவில்லை. காரணங்கள் இருந்தவரை தினமும் ஏதோ வேலை இருந்தது மாதிரி இருந்தது.


அக்டோபர் 9, வியாழன்

லீவு. பைக்கில் அத்தை ஊர், கனி பிறந்த ஊர். நாகலாபுரம் தாண்டி உள்ளே. வழி நெடுக வெடிப்பு விட்ட கரிசல். ஒரு இடத்தில் வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டிக் கால் மாட்டிக்கொண்டது, ரெண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். எடுத்துவிட்டார்கள்.

அத்தை மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தும்மல்.

"வாங்க மாப்ள. இந்த வெயில்ல ஏன் அலையுதீய? போன்ல சொல்லப்பிடாதா?"

"போன்ல சொல்ற விசயம் இல்லத்த."

சொன்னேன். மரபணு என்ற சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. பரம்பரை பிடிபட்டது. பாதிக்குப் பாதி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாதின்னா ரெண்டுல ஒண்ணு. அப்பிடித்தான?"

"ஆமா, ஆனா..."

"எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ள. ஒருத்தி போயிட்டா. அம்புட்டுதான் மாப்ள, கணக்குத் தீந்துபோச்சு."

"அப்படி இல்லத்த. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதி."

"அதெப்படி? பெரியவளே மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சின்னவளுக்குப் பங்கு வைப்பாளா அவ? சேவு வாங்கிட்டு வந்தாலே வைக்க மாட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே வாயில் நின்று வேறாக மாறியது. முந்தானையால் மூடிக்கொண்டாள். வத்தல் நெடி கண்ணில் என்றாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "புதியம்புத்தூர்ல மூச்சு விடாதீய. மாரி மாமியா காதுல விழுந்துச்சோ, புள்ளைக்குப் பால் குடுக்கவே விடமாட்டா."

மாரிக்கு மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன். மறுபடி காம்பு கிள்ளப் போய்விட்டாள்.


அக்டோபர் 11, சனி

புதியம்புத்தூர். தெருத் தெருவாகத் தையல் மெஷின் சத்தம். தீபாவளிச் சரக்கு. சகலை கட்டிங் டேபிளில் நின்றபடியே கை ஆட்டினான்.

"வாங்க சகலை! என்ன, தாடியோட வாரீய? சாமியாராப் போறீயளா? சொல்லிட்டுப் போங்க, காவி நான் தச்சுத் தாரேன்."

மெலிந்திருந்தான். உறங்கி ரெண்டு நாள் இருக்கும். நல்லவன். "வீட்டுல இருக்கா, போங்க, சாப்பிட்டுத்தான் போவணும்" என்றான்.

மாரி அடுப்படியில். இடுப்பில் பயல். எட்டு மாதம், மேல் பல் வந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான். மாமியார் பக்கத்து வீட்டில் சட்டைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தது. அதனால் வேகமாகச் சொன்னேன். கனி ரத்தத்தில் இப்படி இருக்கிறது, ஒனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு ரத்தம் குடுத்தால் தெரிந்துவிடும்.

அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ரத்தம் எப்ப எடுத்தது அத்தான்?"

"ஒங்க ஊர் கேம்ப்ல எடுத்தது."

"அது மட்டுந்தானா? பொறவு எடுக்கலயா?"

"அடுத்த தடவைக்குள்ள அவளுக்கு முடியாமப் போயிட்டே. சீக்காளிங்ககிட்ட எடுக்க மாட்டாவ."

"டியூப்பு கீப்பு மாறியிருக்குமோ?"

"என் ஃப்ரீசர்ல எதுவும் மாறாது மாரி. பேரே கிடையாது. நம்பர். அத்தனை வருசத்துல ஒண்ணுகூட மாறுனதில்ல."

பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் தெரிகிறது, பெருமையாகவே சொன்னேன்.

பயலை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினாள். டீ கொடுத்தாள். டெஸ்டுக்கு எப்போது வருகிறாய் என்றேன். தீவாளி கழியட்டும் என்றாள்.

திரும்பும் வழியில் எட்டயபுரம் தாண்டித்தான் உறைத்தது, டீயில் சீனியே இல்லை. முழுசும் குடித்திருக்கிறேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

துணி துவைத்தேன். கனியின் நைட்டி ஒன்று கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. அதையும் துவைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மாரிக்கு ரெண்டு தடவை போன். எடுக்கவில்லை.

எவர்சில்வர் தூக்குவாளியில் கஞ்சி. இந்த வாளி ஆய்வில் கொடுத்தது. ரத்தம் கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று. கனி கல்யாணச் சீரோடு இதையும் கொண்டுவந்தாள். "எங்கப்பா போட்டது நகை, இது நான் சம்பாதிச்சது" என்பாள். தினமும் இதில்தான் எனக்கு மதியச் சாப்பாடு.

அவளை முதலில் பார்த்ததும் அந்த கேம்ப் அன்றுதான். அவர்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபம். உள்ளே வெக்கை. ஐஸ் பெட்டியை வேனில் ஏற்ற வெளியே வந்தேன். மதிலுக்கு வெளியே வேப்பமரம். கீழே நின்றாள். பச்சைச் சுடிதார்.

"இந்த வெயில்ல ரத்தம் கெட்டுப் போவாதா?"

"மைனஸ் எண்பதுல வச்சிருவோம்."

"அம்புட்டு குளுரா? செத்துறாதா அது?"

"உறங்கும்."

"எழுப்புனா எந்திரிக்குமா?"

எத்தனையோ பேர் என்னிடம் ஃப்ரீசரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கரண்ட் பில் எவ்வளவு என்பார்கள். இப்படிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசினாள். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை பேசினோம். அடுத்த வருஷம் பெண் கேட்டுப் போனேன்.

அப்புறம் அடிக்கடிச் சொல்வேன், ஒன்னைய நான் ஏற்கெனவே ஃப்ரீசர்ல பூட்டி வச்சிருக்கேன், எங்கயும் ஓட முடியாது என்று. சிரிப்பாள். என்னவோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். சொல்ல மாட்டாள்.


அக்டோபர் 14, செவ்வாய்

மேகம் போட்டது, கலைந்தது. மைனஸ் 80.

பிரேமாக்கா ஆபீசுக்கு வந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்பவள் அவள்தான். எந்த வயசில் பெரியவளானாய், எத்தனை பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தாய், ராத்திரி எத்தனை மணிக்கு உறங்குகிறாய். அடுத்த கேம்ப் எங்கே போடுவது என்று பேச்சு. கயத்தாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறார்களாம்.

"ஸ்கூல்னா நல்லது தம்பி. கோயில் மண்டபம் வேண்டவே வேண்டாம். ஒங்க வீட்டம்மா ஊர்ல போட்டோமே, வேற எடம் கிடைக்காம. நான் வவுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். தூரமா இருக்க பிள்ளைக எப்பிடி மதிலத் தாண்டி வருவாவன்னு."

"வரலியா?"

"அதான் கூத்து! பேர் குடுத்துக் கார்டு வாங்குன அத்தன பேரும் வந்துட்டாவ. ஒருத்தி பாக்கியில்ல. எல்லாம் தூக்குவாளி செஞ்ச வேலை. ஒங்க மாமனாரு வந்து, ஆம்பளையாளுக்குக் கிடையாதா, நானும் ரத்தந்தான வச்சிருக்கேன்னு சண்டைக்கு நின்னாரு பாருங்க..."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது உள்ளே ஏதோ நின்றது. கம்ப்ரஸர் நிற்கிற மாதிரி. சத்தம் நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது தெரியும்.

ஊரில் அத்தனை பெண்கள். அன்றைக்கு ஒருத்திகூடவா மாதவிலக்கில் இல்லை?

வேப்பமரம் மதிலுக்கு வெளியே. கனி வெளியேதான் நின்றாள். நான் பார்த்த நேரம் முழுக்க.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கையை மடக்கி, பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவள் ரெண்டு கையையும் ஆட்டிப் பேசினாள். கையில் பஞ்சு இல்லை.

பிரேமாக்கா போன பிறகு ஃப்ரீசர் அறைக்குப் போனேன். கதவில் கை வைக்கவில்லை.

மாரி ஏன் "டியூப்பு மாறியிருக்குமோ" என்று கேட்டாள்?


அக்டோபர் 15, புதன்

மாரியே வந்தாள். பயலோடு. வீட்டில் தீபாவளிக்குக் கடலைமிட்டாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணினாள். போனேன். எதிரே பட்டாசுக் கடை மைக் அலறிக்கொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று, யாருக்கும் கேட்காது.

நானே ஆரம்பித்தேன். "மரத்தடியில அவ கையில பஞ்சு இல்ல மாரி."

ரொம்ப நேரம் பயலின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது என் ரத்தம் அத்தான்."

அப்புறம் கொட்டினாள். "அன்னைக்குக் காலையிலதான் அக்கா தூரமாயிட்டா. கோயிலுக்குள்ள போவப்பிடாது. வாளி போயிருமேன்னு அழுதா. கழுதைக்கு இருபத்திரண்டு வயசு, வாளிக்கு அழுதா! எனக்குக் கார்டே கிடையாது, இருபது ஆவலன்னு சேக்கல. நீ போடீ, ரெண்டு பேரும் ஒரே வயித்துல கிடந்தவதான, எந்த ரத்தமா இருந்தா அவியளுக்கு என்னன்னா. கார்டைக் குடுத்தா. போனேன்."

"பிரேமாக்கா கண்டுபிடிக்கலயா?"

"அவிய எங்களை ஒருக்கா பாத்ததுதான? மூஞ்சி ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கும். கடைசியா எப்ப தூரமானேன்னு கேட்டாவ. இன்னைக்குத்தான்னு சொன்னா எந்திரிச்சு வெளிய போன்னுருப்பாவ. என் தேதியச் சொன்னேன். நான் உள்ள கைய நீட்டிக்கிட்டு இருந்தேன், அக்கா வெளிய ஒங்ககூடப் பேசிக்கிட்டு இருந்தா."

"என்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"சொல்லணும் சொல்லணும்பா. சொன்னா ஒங்க வேலைக்கு ஏதும் ஆயிருமோன்னு விட்டுருவா. பொறவு, நான் அங்கன இருக்கேன்னு நம்பிக்கிட்டு இருக்காவ, இருந்துட்டுப் போகட்டும்னு சிரிப்பா."

மைக்கில் சரவெடி விலை. பயல் என் விரலைப் பிடித்துக் கடித்தான்.

"அன்னைக்கு அடுப்படியில பாதிக்குப் பாதின்னு சொன்னீயள்லா. எங்கம்மாவும் போன்ல பாதி பாதின்னு அதையே ஓதுதா. எனக்கு மட்டும் முழுசுன்னு தெரிஞ்சுபோச்சுத்தான்."

மரபணுப் பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்று இல்லை, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "இடது பக்கம் ஒரு கட்டி இருக்கு. பால்கட்டுன்னு நெனச்சேன். எங்க மாமியா ஒத்தடம் குடுத்தாவ. கரையல."


அக்டோபர் 17, வெள்ளி

திருநெல்வேலி. காலை பஸ். மாரி வீட்டில் பயலுக்கு ஊசி என்று சொல்லியிருக்கிறாள். அத்தையும் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஏறிக்கொண்டாள், பயலைப் பார்த்துக்கொள்ள. அவளிடம் சும்மா ஒரு டெஸ்டு என்று மட்டும். வழி முழுக்க மாரிக்கு சேவு ஊட்டிக்கொண்டு வந்தாள். "நீயாவது தின்னுடீ."

டாக்டரம்மாவிடம் தனியாக எல்லாம் சொன்னேன். கோயில், மதில், கார்டு. திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முதல்ல இந்தப் பொண்ணு. மத்ததெல்லாம் அப்புறம்."

ஸ்கேன். பிறகு ஊசி போட்டுக் கட்டியிலிருந்து டெஸ்டுக்குக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். மாரி சத்தம் போடவில்லை. வெளியே வந்து, "அந்த கேம்ப்ல குத்துனதைவிட இது பரவாயில்லத்தான்" என்றாள். பயலுக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கு மட்டும் அழுதாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னை நிறுத்தினார்.

"அந்த கேம்ப்ல பொண்ணுங்க சொன்ன தேதிகளை நான் பார்த்திருக்கேன் தம்பி. ஒருத்தர்கூட மாதவிலக்கு நாள்ல இல்ல. ஹார்மோன் பார்க்க வசதியா அமைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். ஏன்னு கேட்கத் தோணல."

"இன்னும் எத்தனை டியூப் இப்படி இருக்கும்மா?"

"தெரியல. கோயில்ல போட்டது அந்த ஒரு ஊர் மட்டும் இல்ல." கதவைச் சாத்தினார். "யாரோ ஒருத்திக்கு நான் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

ரிசல்ட் தீபாவளி லீவு கழித்து, புதன் சாயங்காலம். என் நம்பர் மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். மாரி போனை மாமியார் எடுத்துவிடும், சகலை போன் கடைப் பிள்ளைகள் எல்லார் கையிலும் கிடக்கும்.

பஸ்ஸில் மாரி சொன்னாள். "நீங்களே கேட்டுட்டு வந்து சொல்லுங்கத்தான். நல்லதோ கெட்டதோ, வீட்டுல அவியகிட்ட அதுக்குப் பொறவு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல."

பஸ் ஸ்டாண்டில் அத்தை இறங்கும்போது, "பாத்தீயளா மாப்ள, டாக்டர் மூஞ்சி தெளிவா இருந்துச்சு" என்றாள்.


அக்டோபர் 18, சனி

வடக்கே மின்னல். மழை வாசனை மட்டும். மைனஸ் 79.

ஃப்ரீசரைத் திறந்தேன். அலாரம் அடிக்கிற வரை திறந்து வைத்திருந்தேன், இதுவரை செய்ததில்லை. வெள்ளைப் புகை காலில் இறங்கியது. நடுத்தட்டு. கையுறை போட்டு எடுத்துப் பார்த்தேன். நம்பர் சரிதான். ரத்தம் உறைந்து மங்கிய சிவப்பு. இது மாரி. பத்தொன்பது வயசு மாரி. உயிரோடு இருக்கிற ஒருத்தியின் ரத்தத்துக்கு நான் நாலு மாதம் காவல் நின்றிருக்கிறேன்.

கனி இங்கே இல்லவே இல்லை. ஒரு துளிகூட இல்லை. அவள் ரத்தத்திலும் அந்தப் பழுது இருந்ததா, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே என் பழைய காரணங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தீப்பெட்டி, தண்ணீர், மாத்திரை, நான். வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

டியூப்பைத் திரும்ப நடுத்தட்டிலேயே வைத்தேன். இவளுக்கும் நல்ல இடம் வேண்டும்.

சாயங்காலம் சகலை போன். "சகலை, ஒங்க அளவுக்கு ஒரு சட்டை வெட்டி வச்சிருக்கேன்."

"இந்த வருசம் தீவாளி கிடையாதுல்லா சகலை எனக்கு."

"தெரியும்யா. போடாட்டி மடிச்சு வைங்க. அடுத்த வருசம் போடுவோம், எல்லாரும்."

எல்லாரும் என்றான்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தலைக்கு எண்ணெய் இல்லை, பலகாரம் இல்லை. தெரு முழுக்கப் புகை. எதிர் வீட்டு அண்ணாச்சி தட்டில் முறுக்கு கொண்டுவந்து, இழவு வீட்டுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றுவிட்டார். நானே போய் வாங்கிக்கொண்டேன்.

மாரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பயல் புதுச்சட்டையில். அவள் முகம் பாதி தெரிகிறது. அந்தப் பாதி கனிதான்.

தூக்குவாளியை விளக்கி வைத்தேன். அதை மாரிக்குக் கொடுக்க வேண்டும். அவள் சம்பாதித்தது. எப்போது கொடுப்பது? கொடுத்தால் எதையோ முடித்துவைக்கிற மாதிரி இருக்கும்.


அக்டோபர் 22, புதன்

மழை. கடைசியில் வந்துவிட்டது. காலையிலிருந்து நிற்கவில்லை. ரோட்டில் கரிசல் தண்ணீர், பைக் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருளவில்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். டீசல் வாங்கியாயிற்று. கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அலாரம்.

அத்தை போன் பண்ணினாள். விதைப்புக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "மாரிக்கு என்ன வந்துச்சு மாப்ள?" இன்னும் இல்லை என்றேன். "வராது பாருங்க" என்றாள்.

மதியத்திலிருந்து போன் மேஜை மேல். மெசேஜ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது: சிலிண்டர் புக்கிங். வந்தது: சகலை, சட்டை போட்டோ. மாரியிடமிருந்து எதுவும் இல்லை. கேட்க மாட்டாள். சொன்ன சொல்லில் நிற்கிறாள்.

விளக்குப் போடுகிற நேரம். டாக்டரம்மா பெயர் திரையில். மெசேஜ் இல்லை. ரிங்.

எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து போன் தூக்குவாளி வரைக்கும் நகர்ந்து போய், அதில் முட்டிக்கொண்டு நின்றது.

மறுபடி ரிங்.

புதியம்புத்தூரிலும் மழையாக இருக்கும். தீபாவளி முடிந்துவிட்டது, மெஷின் சத்தம் இருக்காது. சகலை ரொம்ப நாள் கழித்து உறங்குவான். மாரி பயலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். நான் சொல்கிற வரைக்கும் அவளுக்கு ஒன்றுமில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் போவேன். போய்ச் சொல்வேன். வாளியையும் எடுத்துக்கொண்டு போவேன்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதும் அடித்துக்கொண்டிருந்தது. இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த போனை அணைத்ததில்லை. கனி போன அன்றுகூட அலாரம் வந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன்.

போனை அணைத்துவிட்டேன்.